ஓரா மீனைக் கையில் முள் ஏறாமல் ஆய்வது எப்படி?

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் வஞ்சிரம், சங்கரா என்றுதான் போவார்கள். ஓராக் கூறு ஓரமாகக் கிடக்கும். காரணம் அதன் முள். முள்ளைக் கழிக்கத் தெரிந்துவிட்டால் இந்த விலைக்கு இவ்வளவு இனிப்பான சதை வேறு மீனில் கிடைப்பது கஷ்டம்.

ஓரா, பவளப்பாறைகளிலும் மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் பாறைத் திட்டுகளிலும் பாசி மேயும் மீன். மன்னார் வளைகுடாப் பக்கம் கூடு வைத்துப் பிடிப்பார்கள். இதே இனத்து மஞ்சள் மீன்களைப் பாசி தின்பதற்காகவே உப்புநீர்த் தொட்டிகளில் விடுவதும் உண்டு.

வாங்கும்போது

கண்ணையும் செவுளையும் பாருங்கள். அதைவிட முக்கியம் வயிறு. பாசி தின்னும் மீன் என்பதால் குடல் நீளம். சீக்கிரம் கெட்டு, அந்த வாடை சதையில் இறங்கிவிடும். வயிறு தொளதொளவென்றிருந்தால் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலம் 61 நாளும் விசைப்படகு போகாது. அப்போது ஐஸில் பல நாள் கிடந்த மீன் வரலாம், கவனம்.

முள் வெட்டுவது

இங்கே அவசரமே வேண்டாம். முதுகில் 13 முள், அடியில் வால் பக்கமாக 7, இரண்டு வயிற்றுத் துடுப்பிலும் இரண்டிரண்டு. இது போக, முதுகு முள் வரிசைக்கு முன்னால் தலையைப் பார்த்தபடி ஒரு குட்டி முள் தோலுக்குள் பதுங்கியிருக்கும். எல்லா முள்ளிலும் விஷம் உண்டு. மீன் செத்த பிறகும் அது வேலை செய்யும். சதையில் விஷம் இல்லை.

தடித்த துணியால் தலையை அழுத்திப் பிடித்து, கத்தரிக்கோலை வாலிலிருந்து தலைப்பக்கமாக ஓட்டி முதுகு முள்ளை அடியோடு வெட்டுங்கள். அப்புறம் திருப்பிப் போட்டு அடிமுள், வயிற்று முள். பயமாக இருந்தால் கடையிலேயே, "அக்கா, முள்ள வெட்டிக் குடுங்க" என்று கேளுங்கள், செய்து கொடுப்பார்கள்.

முதல் தடவை நான் வெறுங்கையால் கழுவப் போய்க் கட்டைவிரலில் ஏற்றிக்கொண்டேன். மணிக்கட்டு வரை விண்விண்ணென்று தெறித்தது. மாமியார் உடனே என் கையைச் சுடுதண்ணீரில் வைக்கச் சொன்னார். அதுதான் சரியான முதலுதவி, இந்த விஷம் சூட்டில் முறியும். பொறுக்கிற சூட்டில், தோல் வெந்துவிடாமல், அரை மணி நேரமாவது வையுங்கள். வீக்கம் ஏறினாலோ மூச்சு முட்டினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வயிறு கழுவுவது

குடலைக் கிழிக்காமல் முழுசாக உருவுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வையும் சுரண்டி எடுங்கள், அது கசக்கும். செதில் பொடிப்பொடியாக இருக்கும்; கல்லுப்பு போட்டுத் தேய்த்தால் வழுவழுப்போடு சேர்ந்து போய்விடும்.

சமைப்பது

மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை தடவி அரை மணி நேரம் ஊறவைத்து, மிதமான தீயில் வறுங்கள். குழம்பென்றால் புளியைக் குறைத்து மாங்காய் போடுங்கள். மீனைக் கடைசியில் சேர்த்தால் உடையாது.

வெட்டின முள்ளை அப்படியே குப்பைப் பையில் போடாதீர்கள். நான்கு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, ஒரு காலி டப்பாவில் அடைத்துப் போடுங்கள். காலையில் குப்பை எடுக்க வரும் அக்கா அந்தப் பையைக் கையால்தான் தூக்குவார்.