குதிரை லாயத்துக்கு ரப்பர் பாய்: பாய்க்கு அடியில் நடக்கும் தவறுகள்

டிசம்பர் மழையில் ஒருநாள், ஒரு கொட்டிலின் மூலைப் பாயை நானும் இன்னொருவரும் இடுக்கி போட்டுத் தூக்கினோம். மேலே பார்த்தால் பளிச்சென்று இருந்த தரைதான். அடியில் கறுப்பாகக் குழம்பு. குதிரை படுக்கப் பாய்மேல் பரப்பும் மரச்சீவல் இடுக்கு வழியே இறங்கி ஊறி அழுகி, அதில் வெள்ளைப் புழு நெளிந்தது. நெடியில் இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் குதிரை படுத்தால் மூக்கை வைப்பதும் அதே மூலையில்தான்.

“சிங்கப்பூரில் குதிரை ஏது?” என்று தேக்காவில் பார்க்கும் உறவுக்காரர்கள் இப்போதெல்லாம் கேட்கிறார்கள். கிராஞ்சி பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு பந்தயம் நின்றது உண்மை. ஆனால் குதிரையேற்றப் பள்ளிகளிலும் போலோ ஆடும் இடத்திலும் குதிரைகள் இருக்கின்றன. அவை நிற்கும் தரையைத் துடைத்துக் கூட்டுகிறவர்களும் இருக்கிறோம்.

பாயைப் போட்டால் வேலை குறையும் என்று நினைப்பதில்தான் எல்லாமே தொடங்குகிறது. ஒரு பெரிய குதிரை நாளொன்றுக்கு 5 முதல் 15 லிட்டர் வரை சிறுநீர் கழிக்கும். நல்ல ரப்பர் அதில் ஒரு சொட்டைக்கூடக் குடிக்காது. மேலே தேங்கும், இல்லாவிட்டால் இடுக்கைத் தேடி அடியில் போகும். போனதில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக்கும். பாயை வெயிலில் போட்டுக் காயவைக்கலாம் என்று வறண்ட ஊர்க்காரர்கள் சொல்லும் யோசனை இங்கே செல்லாது. நம் காற்றில் ஈரம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். பாயை வெளியே போட்டால், வெயில் ஏறி அது சூடாவதற்குள் மூன்று மணி மழை வந்து நிற்கும். அடியில் இறங்கியது தானாகக் காயாது. நாம்தான் வெளியே எடுக்க வேண்டும்.

ஆகவே பாய் வாங்கும் முன் தரையைப் பாருங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஒரு வாளித் தண்ணீரை வெறும் சிமென்ட் தரையில் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கேதான் நாளைக்குச் சிறுநீரும் தேங்கும். மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சரிவு வடிகாலை நோக்கி இருந்தால் போதும். கூடினால் குதிரைக்கு நிற்பது சிரமம். “அடியில் வாய்க்கால் வெட்டிய பாய், தண்ணீர் தானே ஓடிவிடும்” என்று விற்பவர் சொல்வார். சரிவு இருந்தால் ஓடும். இல்லையென்றால் அந்த வாய்க்கால்களே சின்னச் சின்னக் குட்டைகள். வாயிலில் உள்ள வடிகால் மூடியையும் அவ்வப்போது திறந்து பாருங்கள். சீவல் அடைத்துத் தண்ணீர் நின்றால் நெடி மட்டுமில்லை, கொசுவும் வரும்.

அடுத்தது விலை மலிவு. பழைய டயரை அரைத்துப் பசை போட்டு ஒட்டிய பாயும், அச்சில் சூடாக்கி அழுத்திய பாயும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மணல்போலத் துகள் உதிர்ந்தால், அது சிறுநீரையும் உள்ளே இழுக்கும், லாடத்தின் கீழ் பெயர்ந்தும் வரும். பால்மரம் சீவியே பிழைத்தவர் என் தாத்தா. ரப்பரை விரலில் நசுக்கி முகர்ந்தே தரம் சொல்வார் என்று அம்மா சொல்வார். நமக்கு நகம் போதும். கனம் 18 மில்லிமீட்டர் இருக்கட்டும். மெல்லியது சுருண்டு எழும், அதில் குளம்பு தட்டும். மேற்பரப்பு வழுவழுப்பாக இருந்தால் வேண்டாம், ஈரத்தில் சறுக்கும். அதற்காக ஆழமான வரி உள்ளதை எடுத்தால் லத்தி அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். லேசான சொரசொரப்பு போதும்.

பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி கொட்டிலுக்கு, நாலுக்கு ஆறடிப் பாய் ஆறு வேண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 கிலோ. தனியாகத் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வெட்டும்போது கத்தியில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். பாய்க்கும் பாய்க்கும் நடுவே நெருக்கமாகவும், சுவரோரம் கொஞ்சம் விட்டும் போடுங்கள். சூட்டில் ரப்பர் விரியும். இடமில்லையென்றால் நடுவில் பொங்கும்.

அப்புறம் சீவல். பாய் இருக்கிறதே என்று அதை ஒரு பிடிக்குக் குறைப்பது சிக்கனமாகத் தெரியும். குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. சிறுநீரை உறிஞ்ச எதுவுமில்லாத தரையில் குதிரை ஈரத்திலேயே நிற்கும். குளம்பின் அடியில் முக்கோணமாக உள்ள மெத்தென்ற பகுதி அழுகி நாறத் தொடங்கும். தெறிப்பது பிடிக்காமல் சிறுநீரை அடக்கிக்கொள்ளும் குதிரைகளும் உண்டு.

கழுவுவதில் இரண்டு தவறுகள். வேகமாகப் பீய்ச்சும் குழாயை இணைப்புக்கு நேரே பிடித்தால், மேலே இருந்த அழுக்கை நீங்களே அடியில் தள்ளுகிறீர்கள். சரிவின் பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். மற்றது ஆபத்தானது. நெடி போகட்டும் என்று சிறுநீர் ஊறிய தரையில் பிளீச் ஊற்றுவது. அம்மோனியாவோடு அது சேர்ந்தால் குளோரமீன் என்ற நச்சுவாயு கிளம்பும். மூடிய கொட்டிலில் குதிரைக்கும் ஆகாது, ஊற்றியவருக்கும் ஆகாது. சாதாரண சோப்புத் தண்ணீர், தேய்க்க ஒரு தென்னந்துடைப்பம், பிறகு மின்விசிறி. காய்ந்தபின்தான் சீவல். மண்ணெண்ணெய், டீசல் பக்கமே போகாதீர்கள், ரப்பர் ஊதிவிடும்.

பாயை எப்போது தூக்குவது என்று நாள்காட்டியில் குறிப்பவர்கள் உண்டு. நான் குறிப்பதில்லை. காலையில் சீவல் அள்ளும் முன் மண்டியிட்டு, குதிரை படுக்கும்போது மூக்கு இருக்கும் உயரத்துக்கு, தரையிலிருந்து ஒரு சாணுக்கு, குனிந்து மூச்சு இழுத்துப் பார்ப்பேன். நின்றால் தெரியாத நெடி அங்கே உறைக்கும். உறைத்தால் அன்றைக்கே இடுக்கியை எடுப்பேன்.