கலண்டரில் சிவப்பு அடித்தால் லீவு ஆகிவிடாது

ஆடி அமாவாசை. மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் தீர்த்தமாடிவிட்டு, ஈரத் தலையோடு கச்சான் கடையடியில் நிற்கிறேன். பகல் 2 மணி இருக்கும், லண்டனிலிருந்து போன். "டீச்சர், மகள் லிங்கைத் திறந்து வச்சுக்கொண்டு இருக்கிறா. நீங்க வரல்லியா?"

ஒரு கிழமைக்கு முன்னமே அந்த நாளை கூகுள் கலண்டரில் பளிச்சென்று சிவப்பாக்கி வைத்திருந்தேன். ஆனாலும் பெற்றோர் என் ஒன்லைன் வகுப்புக்கு நேரம் பிடிக்கும் முன்பதிவுப் பக்கம் அந்தத் தாய்க்கு அன்றைய நேரத்தைக் காட்டியிருக்கிறது. பிழை என்னுடையதுதான். கல்லடிக்கு வந்து இரவிரவாக நோண்டியதில்தான் பிடிபட்டது: நிறம் எங்கட கண்ணுக்கு. நேரத்தைப் பூட்டுவது வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் நிறம். நிகழ்வைத் திறந்தால் சின்ன வட்டம் தெரியும், அதை அமத்தி வேண்டியதை எடுங்கள். தக்காளி, வாழைப்பழம் என்று 11 நிறத்துக்கும் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் பாவிக்காதீர்கள், கலண்டர் தேர்க்கடைபோல் ஆகிவிடும். எனக்கு மூன்றே மூன்று: வகுப்புக்குப் பச்சை, வீட்டு வேலைக்கு மஞ்சள், அசைக்க முடியாததற்குச் சிவப்பு. நீங்கள் அழைப்பு அனுப்பும் ஆளுக்கு உங்கள் சிவப்பு போய்ச் சேராது.

அடுத்தது நான் விழுந்த கிடங்கு. நிகழ்வின் முழுப் பக்கத்தைத் திறந்து, நிற வட்டத்துக்குக் கீழே பாருங்கள். 'பிஸி' (நேரம் பூட்டுப்படும்) அல்லது 'ஃப்ரீ' (பூட்டுப்படாது) என்று ஒரு சின்னப் பெட்டி. மணிக்கணக்குப் போட்ட நிகழ்வு என்றால் தானாகவே 'பிஸி'. முழுநாள் நிகழ்வு என்றால் தானாகவே 'ஃப்ரீ'! பிறந்தநாளைக் குறித்து வைத்ததற்காக நாள் முழுக்கப் பூட்டுப்படக்கூடாது என்ற எண்ணமாக்கும். என் தீர்த்தம் முழுநாள் நிகழ்வு. சிவப்பாக இருந்தது, ஆனால் 'ஃப்ரீ'. பெட்டியை 'பிஸி' ஆக்கிச் சேமித்தால் வேலை முடிந்தது.

நம்பாமல் சோதித்தும் பாருங்கள். முன்பதிவு லிங்கை இன்கொக்னிட்டோ ஜன்னலில், அதாவது உங்கள் கணக்கு திறந்திராத ஜன்னலில் திறந்தால், அந்த நாளில் ஒரு நேரமும் காட்டக்கூடாது. இதையெல்லாம் கணினியில் செய்யுங்கள். போனிலும் பெட்டி இருக்கிறது, ஆனால் அடிமட்டும் தள்ளிக்கொண்டு போகவேண்டும்.

அவுட்லுக் பாவிப்பவர்களுக்கும் இதே கதைதான், அங்கேயும் முழுநாள் என்றால் 'ஃப்ரீ'. 'டென்டேட்டிவ்' (இன்னும் உறுதியில்லை), 'அவுட் ஒஃப் ஒஃபிஸ்' (வேலையில் இல்லை) என்று கூடுதல் தெரிவுகள் உண்டு. தனி ஆளாக வகுப்பெடுக்கிறவருக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

மறுகா சேர்த்தது: களுவாஞ்சிகுடியில் கணிதம் படிப்பிக்கிற அக்கா ஒருவர், 'பிஸி' போட்டும் பூட்டுப்படவில்லை என்றார். பார்த்தால், கோயில், கலியாண வீடு எல்லாவற்றையும் 'குடும்பம்' என்ற தனிக் கலண்டரில் போட்டிருக்கிறார். இலவசக் கணக்கில் முன்பதிவுப் பக்கம் முதன்மைக் கலண்டரை மட்டும்தான் பார்க்கும். நிகழ்வை அதற்கு மாற்றினார், சரி வந்தது.

இன்னொன்று, லண்டன் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்களுக்கு. அங்கே மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மணிக்கூடு மாறும். எங்களுக்கு இரவு 7.30 என்றால் அவர்களுக்குக் கோடையில் பின்னேரம் 3, குளிர்காலத்தில் 2. கிழமைதோறும் வரும் வகுப்பை கொழும்பு நேரத்தில் பதிந்தால் பிள்ளைக்கு மாறும், லண்டன் நேரத்தில் பதிந்தால் எங்களுக்கு மாறும். பிள்ளைக்கு நீச்சல், பியானோ என்று சனிக்கிழமை நெருக்கம். அதனால் நான் நிகழ்வின் டைம் சோனை (நேர வலயத்தை) லண்டனாக்கிவிட்டேன், ஒக்டோபர் முடிந்த பிறகு இரவுச் சாப்பாடு ஒரு மணித்தியாலம் பிந்தும்.