பெரிய ஏரியில சின்ன தோணியில போய் தூண்டில் போடுறது எப்படி: வீராணத்தை வச்சு ஒரு விளக்கம்

யூடியூப்ல பனிமலை ஏரியில டிரவுட் பிடிக்கிற வீடியோ பாத்துட்டு நெறைய தம்பிங்க ராடும் ரீலும் வாங்கிட்டு நம்ம ஏரிக்கு வந்து நிக்கிறாங்க. டிரவுட்டுக்கு குளுந்த தண்ணி வேணும், தமிழ்நாட்டுல அது ஊட்டி, அவலாஞ்சி மாதிரி மலைப்பக்கம்தான், டெல்டா வெயிலுக்கு அது தாங்காது. ஆனா அந்த வீடியோவுல நாம எடுத்துக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரே ஏரியில டிரவுட்டு மேல, நடுவுலனு சுத்திட்டு இருக்கும், ஒயிட்ஃபிஷ்னு சொல்ற மீன் சின்ன வாயை வச்சுக்கிட்டு அடித்தரையில மேயும், அதனால அவங்க மொதல்ல எந்த மீனு, அது எந்த ஆழத்துலனு முடிவு பண்ணிட்டுத்தான் தூண்டிலை எறக்குவாங்க. நம்ம ஏரியிலயும் அதே கதைதான். கட்லா மேல் தண்ணியில மேயும், ரோகு நடுவுல, மிர்கால் அடியில சேத்தை கிளறிட்டு இருக்கும், வெரால் செடி ஓரம். இத தெரிஞ்சுக்காம எவ்ளோ வெல கொடுத்து ராடு வாங்கினாலும் பிரயோஜனம் இல்ல.

வீராணத்தை உதாரணமா வச்சு சொல்றேன், மத்த பெரிய ஏரிக்கும் இது ஒத்து வரும்.

மொதல்ல அனுமதி

ஏரி, குளத்துல மீன் பிடிக்கிற உரிமையை பொதுவா குத்தகைக்கு விட்டுருப்பாங்க, இல்லனா அந்த ஊரு மீனவர் சங்கத்துகிட்ட இருக்கும். யார்கிட்ட இருக்குனு கேட்டு, அவங்க சரினு சொன்ன பிறகு எறங்குங்க. புதுசா கத்துக்கிறவங்களுக்கு நான் சொல்றது, தனியா தோணி தேடி அலையாம அங்கயே தொழில் பண்ற ஒரு அண்ணன்கிட்ட பேசி, அரை நாளுக்கு இவ்ளோனு காசு கொடுத்து அவர் தோணியிலயே போங்க. அவருக்கு எங்க சேறு, எங்க பழைய மரக்கட்டை, எங்க யாரு வலை கெடக்குனு அத்துபடி. வடுவூர், கரைவெட்டி, உதயமார்த்தாண்டபுரம் இதெல்லாம் பறவை சரணாலயம், அங்க தூண்டிலை தூக்கிட்டு போற எண்ணமே வேணாம்.

அப்புறம் காத்து, இதுதான் முக்கியம்

பேப்பர்ல "வீராணம் ஏரி 47.5 அடியை எட்டியது"னு போடுவாங்க, அத படிச்சுட்டு ஏரி அவ்ளோ ஆழம்னு நெனச்சுக்காதீங்க. அது நீர்மட்டத்தோட கணக்கு, ஆழம் இல்ல. ஏரியோட கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, அது பரந்து கெடக்குற பரப்புக்கு இது கம்மி, அதனால ஏரி நெறைஞ்சு இருக்கும்போதும் நெறைய எடத்துல ஆள் ஆழம்கூட இருக்காது. ஆழம் கம்மிதானேனு அசால்ட்டா இருந்துடாதீங்க, ஆபத்தே அதுலதான் இருக்கு. நீளம் பத்து மைலுக்கு கிட்ட இருக்கு, காத்து தடுப்பே இல்லாம ஓடி வரும், ஆழம் இல்லாத தண்ணியில அலை சீக்கிரம் எழும்பும், குட்டை குட்டையா செங்குத்தா அடுத்தடுத்து வந்து மோதும், சின்ன தோணிக்கு இந்த மாதிரி அலை ஆகவே ஆகாது. கவுந்தா நின்னுக்கலாம்னு நெனச்சா அடியில சேறு, கால் உள்ள போச்சுன்னா எடுக்க முடியாது.

வீராணம் வடக்கு தெக்கா நீண்டு கெடக்கு, லால்பேட்டை பக்கம் ஒரு முனை, சேத்தியாத்தோப்பு பக்கம் இன்னொரு முனை. கெழக்கால பெரிய கரை, மேக்கால எதிர்வாய்க்கரை, அதாவது பெரிய கரைக்கு எதிர்ப்பக்கம். ஆனி ஆடியில மேக்கத்திக் காத்து காலையில சும்மா இருந்துட்டு வெயில் ஏற ஏற வலுக்கும். இப்ப யோசிச்சு பாருங்க, நீங்க கெழக்கு கரையில எறங்கி மேக்க பாத்து துடுப்பு போட்டு போனா, காத்து வலுத்தாலும் அது உங்கள பொறப்பட்ட கரைக்கே தள்ளிட்டு வரும். மேக்கு கரையில எறங்கினா சுகமா ஏரி நடுவுல கொண்டு போய் விட்டுடும், திரும்பும்போது எதிர்காத்துல கை ஓஞ்சு போயிடும். அதனால எப்பவும் போகும்போது எதிர்காத்து, வரும்போது பின்காத்து. மாத்தி போகவே போகாதீங்க.

விடியக்காலையில எறங்கி பத்து மணிக்கெல்லாம் கரைக்கு வந்துடுங்க. ஐப்பசி கார்த்திகையில மேகம் கறுத்தா, இல்ல சித்திரை வைகாசி சாயங்காலம் எங்கயாவது இடி உறுமுற சத்தம் கேட்டா உடனே தூண்டிலை சுருட்டிடுங்க, கார்பன் ராடு மின்சாரத்தை கடத்தும், வெட்டவெளி தண்ணியில நீட்டிட்டு உக்காந்திருக்க கூடாது.

லைஃப் ஜாக்கெட் கண்டிப்பா போடணும், நீச்சல் தெரிஞ்சாலும் போடணும். தோணியில எந்திரிச்சு நிக்காதீங்க, மீன் மாட்டினா சந்தோஷத்துல ரெண்டு பேரும் ஒரே பக்கம் சாயுறதுதான் கவுறதுக்கு மொத காரணம். ஒருத்தர் மீனை பாத்தா இன்னொருத்தர் எதிர்பக்கம் உக்காந்திருக்கணும், இத எறங்குறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்குங்க. மதகு பக்கமும், வடவாறு வந்து விழுற வாய்ப்பக்கமும் போகாதீங்க, கீழணையில இருந்து தண்ணி விடும்போது அங்க இழுப்பு ஜாஸ்தி.

சாமான் என்னென்ன

ஆறு ஏழு அடி ராடு ஒண்ணு, சாதாரண ஸ்பின்னிங் ரீல் ஒண்ணு. கெண்டை வகைக்கு 0.30ல இருந்து 0.35 மில்லிமீட்டர் தங்கூசி, அதாவது நைலான் நரம்பு போதும். தூண்டில் முள்ளு வாங்கும்போது நம்பர் கூட கூட முள்ளு சின்னதாகும்னு ஞாபகம் வச்சுக்குங்க, ஜிலேபி, சின்ன கெண்டைக்கு 8 இல்ல 10, ரோகு மிர்காலுக்கு 4 இல்ல 2. தக்கை, ஈயம், ஒரு குறடு, ஒரு கைவலை, ஐஸ் போட்ட பொட்டி, குடிக்க தண்ணி, தொப்பி. மூங்கில் கழி ரெண்டு. அதுல ஒண்ணுல அடிக்கு ஒரு எடத்துல கலர் டேப் சுத்திடுங்க, அது தள்ளுறதுக்கும் ஆச்சு ஆழம் பாக்கவும் ஆச்சு, ஃபிஷ் ஃபைண்டர் மெஷினெல்லாம் இந்த ஆழத்துக்கு தேவையே இல்லனு நான் நெனைக்கிறேன்.

தோணியை அசையாம நிறுத்துறது

தோணி ஆடிட்டே இருந்தா தக்கையும் இழுபடும், மீன் கடிக்குதா காத்து இழுக்குதானு கடைசி வரை தெரியாது. காத்து இல்லாத காலையில முன்பக்கம் ஒரு கழி, பின்பக்கம் ஒரு கழி சேத்துல நல்லா ஊனி கயிறு போட்டு கட்டிடுங்க, தோணி ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். காத்து கெளம்பிட்டா பின்பக்க கயிறை உடனே அவுத்துடணும், முன்மூக்கு மட்டும் கட்டி காத்தை பாத்து நிக்கட்டும், அப்பதான் அலை மூக்குல வெட்டிட்டு போகும். பக்கவாட்டுல அலை வாங்குற மாதிரியோ பின்பக்கம் மட்டும் கட்டியோ நிக்கவே கூடாது, தண்ணி உள்ள ஏறிடும். கல்லுல கயிறு கட்டி நங்கூரம் போடுறதா இருந்தா ஆழத்தைப் போல நாலஞ்சு மடங்கு கயிறு விடுங்க, இல்லனா கல்லு பிடிக்காம வழுக்கிட்டே வரும்.

தண்ணி மேல வரிசையா பிளாஸ்டிக் பாட்டிலோ தெர்மாகோல் துண்டோ மிதந்தா அது யாரோ போட்ட வலை, சுத்திதான் போகணும், மேல ஏத்தி துடுப்புல மாட்டி கிழிச்சுடாதீங்க, அது ஒரு குடும்பத்தோட சாப்பாடு.

ஆழம் பாத்து தக்கை வைக்கிறது

இந்த ஒரு வேலையை பொறுமையா செஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. தங்கூசியில தக்கையை நகருற மாதிரி கோத்து, அதுக்கு மேல ஒரு நூல் முடிச்சு போடுங்க, தக்கை அந்த முடிச்சுல வந்து நிக்கும், முடிச்சுல இருந்து முள்ளு வரைக்கும் எவ்ளோ நீளமோ அந்த ஆழத்துல முள்ளு நிக்கும். இப்ப முள்ளுல கொஞ்சம் கனமான ஈயம் ஒண்ணு மாட்டி எறக்குங்க. தக்கை முழுசா முங்கிப்போச்சுன்னா முடிச்சு ரொம்ப கீழ இருக்கு, மேல தள்ளுங்க. தக்கை படுத்துடுச்சுன்னா முடிச்சு ரொம்ப மேல, கீழ எறக்குங்க. தலை மட்டும் தெரியுற மாதிரி நிமிந்து நின்னா அதுதான் சரியான ஆழம். அத குறிச்சுக்குங்க.

மிர்கால் வேணும்னா இரை தரையை தொடுற மாதிரி வைங்க, அதுக்கு வாய் கீழ்நோக்கி இருக்கும், அடியில கெடக்குறதைத்தான் எடுக்கும். ரோகுவுக்கு தரையில இருந்து ஒரு அடி, ஒன்றரை அடி தூக்கி விடுங்க. கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், அதனால மேல இருந்து ரெண்டு அடிக்குள்ள, ஆனா கட்லா கொஞ்சம் சிரமம், ஆரம்பத்துலயே அதுக்கு ஆசைப்படாம மிர்கால், ஜிலேபி, ரோகுல கை பழகிக்குங்க.

இரைக்கு கோதுமை மாவு, கொஞ்சம் தவிடு, பொடிச்ச கடலைப்புண்ணாக்கு, ஒரு துண்டு வெல்லம் இத தண்ணி தெளிச்சு சப்பாத்தி மாவைவிட கொஞ்சம் கெட்டியா பெசைங்க, முள்ளுல மாட்டி தண்ணியில முக்கினா அஞ்சு நிமிஷமாவது கரையாம நிக்கணும், நிக்கலனா இன்னும் மாவு சேருங்க. மண்புழுவும் நல்லது, ஆனா புழு போட்டா கெளுத்திதான் மொதல்ல வரும். ராத்திரியே ஊறவச்ச புண்ணாக்கும் தவிடும் கலந்து எலுமிச்சம்பழ சைஸ்ல நாலு உருண்டை உருட்டி தக்கை இருக்குற எடத்துல போடுங்க, அதுக்கு மேல வேணாம், மீனுக்கு வயிறு நெறைஞ்சா உங்க இரையை திரும்பிகூட பாக்காது.

உருண்டை போட்டுட்டு அமைதியா இருங்க. துடுப்பை தோணியில டமார்னு போடக்கூடாது, பாட்டு போடக்கூடாது. ரோகு கடிச்சா தக்கை லேசா துடிச்சு அப்புறம் ஒரு பக்கமா வழுக்கிட்டு போகும், போகும்போது இழுங்க. மிர்கால் கீழ கெடக்குற ஈயத்தோட சேத்து தூக்குறதால சிலசமயம் தக்கை முங்காம மேல எழும்பி படுத்துடும், அதுவும் கடிதான், புதுசா வர்றவங்க இதைத்தான் விட்டுடுறாங்க. சும்மா டொக் டொக்னு ஆடிட்டே இருந்தா பொடி மீன் மாவை கொத்துதுனு அர்த்தம், எடுத்து புது மாவு வைங்க.

இன்னொண்ணு, மேகமூட்டமா இருக்குற விடியக்காலையில மீனெல்லாம் மேல வந்து வாயை பொளந்துட்டு நிக்கிறத பாத்தா சந்தோஷப்படாதீங்க, தண்ணியில ஆக்சிஜன் கம்மியாகி மூச்சுக்கு தவிக்குது, அந்த நேரத்துல கடிக்காது. வெயில் வந்து ஒரு மணி நேரம் போகட்டும்.

வெரால்

இதுக்கு தக்கையும் மாவும் கெடையாது. ஆகாயத்தாமரை, நெய்வேலி காட்டாமணக்கு புதரு ஓரமா தோணியை மெதுவா தள்ளிட்டு போங்க, வெரால் அப்பப்ப மேல வந்து காத்து குடிச்சுட்டு போகும், அந்த 'ப்ளக்' சத்தமும் வளையமும் எங்க வருதுனு பாத்து வச்சுக்குங்க. ரப்பர் தவளையை அதுக்கு ரெண்டு அடி தாண்டி எறிஞ்சு செடி மேலேயே இழுத்துட்டு வந்து சந்துல ஒரு செகண்ட் நிறுத்துங்க. உசுரோட இருக்குற தவளையை மாட்டுற பழக்கம் நம்ம ஊருல உண்டு, எனக்கு அது பிடிக்காது, வயலுல பூச்சி தின்னுட்டு கெடக்குற ஜீவன், ரப்பரே நல்லா வேலை செய்யுது. இதுக்கு தங்கூசி தாங்காது, 30 பவுண்டு எடை தாங்குற பிரைடு நூல், அதாவது பின்னல் நூல் போடுங்க. வெரால் பாஞ்சு அடிச்ச உடனே வெட்டி இழுத்தா வாயில இருந்து வந்துடும், மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு எண்ணிட்டு அப்புறம் இழுங்க, இழுத்தா நிறுத்தாம செடியில இருந்து வெளிய கொண்டு வந்துடணும்.

தண்ணி மேல செவப்பா குஞ்சுக் கூட்டம் கொதிக்கிற மாதிரி தெரிஞ்சா அதுக்கு கீழ தாயும் தகப்பனும் காவலுக்கு நிக்கும். அங்க எறிஞ்சா ஈசியா மாட்டும், ஏன்னா அது பசிக்கு கடிக்கல, குஞ்சை காப்பாத்த கடிக்குது. அத பிடிச்சுட்டா அந்த குஞ்சு மொத்தத்தையும் மத்த மீனு தின்னுடும். தயவு செஞ்சு அந்த எடத்தை விட்டு தள்ளி போங்க, கெஞ்சி கேக்குறேன்.

பிடிச்ச பிறகு

கெளுத்தி, தேளி வந்தா கையால பிடிக்காதீங்க. ரெண்டு பக்க செட்டையிலயும் முள்ளு இருக்கு, தேளி முள்ளுல விஷமே இருக்கு, குறடால பிடிச்சு தூண்டில் முள்ளை கழட்டுங்க, முடியலனா தங்கூசியை வெட்டி விட்டுடுங்க. குத்திட்டா பொறுக்குற சூட்டுல வெந்நியில கையை முக்கி வைங்க, வலி கொறையும், அப்புறம் டாக்டரை பாருங்க. மீசை நாலு ஜோடியோட தலை தட்டையா பெருசா ஆப்பிரிக்கன் கெளுத்தி மாட்டினா திரும்ப ஏரியில விடாதீங்க, அது நம்ம ஊரு மீனையெல்லாம் காலி பண்ணிடும், நம்ம நாட்டுல அத வளர்க்கவே தடை இருக்கு.

ரோகு, மிர்கால் செத்த உடனே ஐஸ்ல போகணும், டெல்டா வெயிலுல ஒரு மணி நேரம் தாங்காது. வெரால் ஈரச்சாக்குலயே மணிக்கணக்கா உசுரோட கெடக்கும், ஆனா அப்படி தவிக்க விடாம தலையில ஒரு அடி போட்டு ஐஸ்ல வைக்கிறதுதான் நல்லது. அறுந்த தங்கூசியை தண்ணியில வீசாதீங்க, நீர்க்காக்கா, நாரை காலுல சுத்திக்கும், சுருட்டி பையில போட்டு வீட்டுக்கு கொண்டு வாங்க. வெரால் வழவழப்பு போக கல்லுப்பும் கொஞ்சம் புளியும் போட்டு கரகரனு தேய்ச்சு ரெண்டு தண்ணி அலசிட்டு அப்புறமா அரிஞ்சா கையை விட்டு வழுக்காது, கொழம்புலயும் கவிச்சி அடிக்காது.