சரிவு வீட்டின் வயர்ஃப்ரேமிலிருந்து கண்ணுக்குத் தெரியும் கோடுகளை மட்டும் எடுப்பது

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வீடு வரைபவர்களின் 3டி மாடலில் மூன்று விஷயம் தவறாமல் இருக்கும்: தட்டுத் தட்டாக இறங்கும் தாங்குசுவர், அலைத் தகரக் கூரை, மேலே ஓர் உருளைத் தண்ணீர்த் தொட்டி. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் இதை வயர்ஃப்ரேமில் (முகங்கள் மறைக்காமல் எல்லாக் கோடும் தெரியும் காட்சியில்) பார்த்தால் முன்சுவரோடு பின்சுவர், அஸ்திவாரம், சுவருக்குப் பின்னால் இருக்கும் மண் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இதிலிருந்து முகப்புப் படத்துக்கான கோடுகளை மட்டும் பிரிக்க வேண்டும்.

திரையில் தெரியும் எல்லாக் கோடும் ஒரே சாதி இல்லை. இரண்டு முகங்கள் மடிப்போடு சந்திக்கும் இடம் நிஜ விளிம்பு. மடிப்பே இல்லாமல் வழுவழுப்பாகச் சேரும் இடம் டேன்ஜென்ட் விளிம்பு. வளைந்த பரப்பில் கண்ணுக்கு உதவியாக மென்பொருள் வரைவது ஐசோலைன். நான்காவது, புறக்கோடு: தொட்டியின் இரண்டு பக்கமும் செங்குத்தாகத் தெரிகிறதே, அது. அந்தக் கோடு மாடலில் எங்குமே இல்லை. நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பிறக்கிறது. அதனால்தான் விளிம்புகளை எடுக்கும் எக்ஸ்எட்ஜஸ் கட்டளையைக் கொடுத்தால் தொட்டிக்கு மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம் மட்டும் கிடைக்கும். பக்கக் கோடு வராது. கட்டளை பழுதில்லை, கேட்டதுதான் தவறு.

வெறுமனே பார்க்க வேண்டும் என்றால் விஎஸ்கரண்ட் கட்டளை கொடுத்து ஹிட்டன் (மறைந்த கோடு தெரியாத காட்சி) தேர்ந்தெடுத்தால் போதும். 2டி வயர்ஃப்ரேமிலேயே இருக்க விரும்பினால் ஐசோலைன்ஸ் 0 (அது முதலில் 4 என்று இருக்கும்), புறக்கோட்டைக் காட்டும் டிஸ்ப்சில் 1, பிறகு படத்தை மறுபடி வரையும் ரீஜென், கடைசியாகப் பின்கோடுகளை மறைக்கும் ஹைட். ரீஜெனை விட்டுவிட்டால் எதுவும் மாறியதாகத் தெரியாது. தொட்டி பல முகமாக உடைந்து தெரிந்தால் வளைவின் வழுவழுப்பைக் கட்டுப்படுத்தும் ஃபேசெட்ரெஸ்ஸை 0.5-லிருந்து 2-க்கு ஏற்றுங்கள். உச்சவரம்பு 10, அங்கே போனால் கணினி திணறும். அச்சுக்கு மட்டும் வேண்டுமென்றால் லேஅவுட்டில் (அச்சுத் தாளில்) வியூபோர்ட்டை (மாடல் தெரியும் சட்டத்தை) தேர்ந்து, பண்புகளில் ஷேட் ப்ளாட்டை ஹிட்டன் ஆக்குங்கள். கோடு எடுக்கும் வேலையே மிச்சம்.

அளவு போட, திருத்த, வேறொருவருக்கு 2டியாக அனுப்பக் கோடுகளே வேண்டும் என்றால், பார்வையைத் தட்டையான படமாக்கும் ஃப்ளாட்ஷாட் கட்டளை. முதலில் பர்ஸ்பெக்டிவை 0 ஆக்குங்கள். முகப்புப் பார்வைக்குப் போய், யுசிஎஸ் (நாம் வைத்துக்கொள்ளும் ஆய அச்சுகள்) கட்டளையில் வியூ என்பதைக் கொடுங்கள். இந்தப் படியைத் தாண்டுவதால்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள்: தட்டையான படம் அப்போதைய யுசிஎஸ்ஸின் எக்ஸ்-ஒய் தளத்தில்தான் விழும். யுசிஎஸ் வேர்ல்டில் (மென்பொருளின் மூல அச்சுகளில்) இருந்தால் முன்னாலிருந்து பார்க்கும் உங்களுக்கு அது காகிதத்தை ஓரத்தில் பார்ப்பதுபோல ஒற்றைக் கோடாகத் தெரியும். வரவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து பிளாக் (ஒரே பொருளாகக் கட்டிய கோட்டுத் தொகுப்பு) சேர்ந்திருக்கும். அதோடு, மாடல் ஸ்பேஸில் தெரியும் எல்லா சாலிடையும் (கனப் பொருளையும்) ஃப்ளாட்ஷாட் எடுத்துவிடும். பக்கத்து வீடு, மரம் வேண்டாமென்றால் அவை இருக்கும் லேயர்களை (அடுக்குகளை) முன்பே ஃப்ரீஸ் செய்து மறைத்துவிடுங்கள்.

ஃப்ளாட்ஷாட் பெட்டியில் மறைந்த கோடுகளுக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். டேன்ஜென்ட் விளிம்புகளைச் சேர்க்கும் டிக்கையும் எடுங்கள். தகரக் கூரைக்கு இதுதான் உயிர். 75 மிமீ இடைவெளியில் அலை வைத்து, வளைவோடு வளைவு ஒட்டும்படி 9 மீட்டர் கூரை வரைந்திருந்தால் 120 அலை, சுமார் 240 டேன்ஜென்ட் விளிம்பு. 1:100-ல் கோட்டுக்குக் கோடு 0.375 மிமீ, 0.25 பேனாவில் கூரை முழுக்கக் கறுப்பாக அப்பிவிடும். டிக்கை எடுத்தால் மேலும் கீழும் அலை ஓரம், பக்கங்களில் இரண்டு கோடு, அவ்வளவுதான்.

லேஅவுட்டிலேயே கோடு எடுக்க சால்ப்ராஃப் கட்டளை இருக்கிறது. வியூபோர்ட்டுக்குள் நுழைந்து சாலிட்களைத் தேர்ந்தால் மூன்று கேள்வி கேட்கும், மூன்றுக்கும் ஆம். தெரியும் கோடுகள் பிவி என்று தொடங்கும் லேயரிலும் மறைந்தவை பிஎச் லேயரிலும் போகும். பிஎச் லேயரை அணைத்து, சாலிட் இருக்கும் லேயரை அந்த வியூபோர்ட்டில் ஃப்ரீஸ் செய்யுங்கள். இல்லையென்றால் பழைய வயர்ஃப்ரேம் மேலேயே உட்கார்ந்திருக்கும். கோடுகள் பிளாக்காக வரும், எக்ஸ்ப்ளோட் கொடுத்து வெடித்தால்தான் தனித்தனியாகும்.

சால்ப்ராஃபில் அந்தரத்தில் தொங்கும் துண்டுக் கோடுகள் வந்தால், இரண்டு சாலிட்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கின்றன. சரிவில் இது தாங்குசுவருக்கும் மண்ணுக்கும் நடுவேதான் நடக்கும். சுவரை மண்ணுக்குள் சொருகி விட்டுவிடுவோம். இரண்டையும் இணைக்கும் யூனியன் கொடுத்தால் தீரும், ஆனால் சுவரும் மண்ணும் ஒரே பொருளாகிவிடும். சுவரை அதே இடத்தில் நகல் எடுத்து, நகலை மண்ணிலிருந்து சப்ட்ராக்ட் செய்வது (கழிப்பது) நல்லது. அதன்பின் ஒட்டும் இடத்தில் இரட்டைக் கோடு வரும்; பிளாக்கை வெடித்து, ஒன்றன்மேல் ஒன்றான கோடுகளை நீக்கும் ஓவர்கில் கொடுத்தால் போய்விடும்.

சர்வே படத்தின் மேலேயே மாடலைக் கட்டியவர்களுக்கு இன்னொரு தலைவலி. சர்வேயில் பயன்படும் யுடிஎம் என்ற ஆய முறையில் நீலகிரி 43 வடக்கு மண்டலத்தில் வருகிறது. ஊட்டியின் நார்த்திங் (பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே உள்ள தூரம்) ஏறத்தாழ 12,62,000 மீட்டர். படம் மிமீயில் இருந்தால் நூறு கோடியைத் தாண்டிய எண். அவ்வளவு தூரத்தில் நுண்ணிய கணக்கு தடுமாறி, மறைய வேண்டிய கோடு எட்டிப் பார்க்கும், சேர வேண்டிய முனை விலகி நிற்கும். மாடலை நகலெடுத்து 0,0 பக்கம் நகர்த்தி, அங்கே கோடு எடுங்கள்.

ஆட்டோகேட் இல்லாமல் ஃப்ரீகேட் மென்பொருளில் செய்தால், அதன் டெக்டிரா (2டி வரைபடப் பகுதி) பக்கத்தில் பார்வையைப் போட்டு, பண்புகளில் ஸ்மூத் விசிபிள், சீம் விசிபிள் இரண்டையும் அணைத்தால் இதே விளைவு. டிஎக்ஸ்எஃப் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். ரைனோ மென்பொருளில் மேக்2டி கட்டளை தெரிவதையும் மறைந்ததையும் தானே தனி லேயராகப் பிரித்துவிடும். ஆட்டோகேட் எல்டி (ஆட்டோகேடின் சுருக்கப் பதிப்பு) வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன ஃப்ளாட்ஷாட், சால்ப்ராஃப் கிடையாது.

மாடலைத் திருத்தினால் ஃப்ளாட்ஷாட் படம் தானாக மாறாது. வீட்டுக்காரர் தாங்குசுவரை அரை மீட்டர் உயர்த்தச் சொன்னால், பழைய படத்தை அழிக்காமல், அதே பார்வையில் அதே யுசிஎஸ்ஸில் மறுபடி கொடுத்து, இருக்கும் பிளாக்கை மாற்று என்ற தேர்வில் பழைய பிளாக்கையே காட்டுங்கள்.