பழைய பூம் லிஃப்டின் ஹைட்ராலிக் பழுது: சிலிண்டரைக் கழற்றுவதற்கு முன்னும் பின்னும்

ஓசூர் சிப்காட்டில் கூரைத் தகடு மாற்றவும், கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகளில் உயரமான குழாய்களுக்கு வண்ணம் பூசவும், தர்மபுரி புறவழிச்சாலையோரக் கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்தவும் வாடகைக்கு ஓடும் பூம் லிஃப்டுகளில், அதாவது ‘பூம்’ எனும் நீண்ட கையின் நுனியில் ஆள் நிற்கும் கூடையை உயர்த்தும் இயந்திரங்களில், பல வயதானவையே. அவற்றின் இரும்பு உறுதியாக இருக்கும். முதலில் தளர்வது, எண்ணெய் அழுத்தத்தால் பூமை அசைக்கும் ஹைட்ராலிக் அமைப்புதான். பூம் மெதுவாக ஏறுகிறது அல்லது ஏற்றிய இடத்தில் நிற்காமல் இறங்குகிறது என்றவுடன், ‘சீல் போய்விட்டது’, அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம் கெட்டுவிட்டது, என்று முடிவு கட்டிச் சிலிண்டரைக் கழற்றும் பழக்கம் நம் பட்டறைகளில் பரவலாக உள்ளது. பழுது பெரும்பாலும் சிலிண்டருக்கு வெளியேதான் இருக்கும் என்பதால், எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதற்கே இந்தக் கட்டுரை அதிக இடம் தருகிறது.

தொடங்குவதற்கு முன்

பூமை முழுவதும் மடக்கி, அதன் தாங்கியில் உட்காரவைத்த பிறகே எந்த இணைப்பிலும் ஸ்பானரை வைக்க வேண்டும். பழுதின் காரணமாகப் பூம் மேலேயே நின்றுவிட்டால், அவசர இறக்க வால்வினாலோ பேட்டரியில் ஓடும் துணைப் பம்பினாலோ இறக்கலாம். அதுவும் முடியாதபோது, கிரேன் கொண்டு பெல்ட் போட்டுத் தாங்கிப் பிடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கீழே ஜாக்கியும் மரக்கட்டையும் வைத்து வேலை பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிண்டரில் 150 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அழுத்தம் இருந்தால், அது ஏறத்தாழ 12 டன் விசையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்ஜினை நிறுத்திவிட்டால் அழுத்தம் போய்விடும் என்பது பாதி உண்மைதான். லீவரை இருபுறமும் அசைத்தால் குழாய்களில் உள்ள அழுத்தம் குறையும். ஆனால் சிலிண்டருக்கும் அதன்மேல் பொருத்தப்பட்டு, பூம் தானாக இறங்காமல் எண்ணெயைப் பிடித்து வைக்கும் ஹோல்டிங் வால்வுக்கும் இடையில் அடைபட்ட எண்ணெய், நாள்கணக்கில் நின்றாலும் அழுத்தத்துடனேயே இருக்கக்கூடும்.

கசிவைக் கைவிரலால் தடவித் தேடக் கூடாது. ஊசித்துளை அளவுள்ள ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய்க்கு ஏறத்தாழ 7 பார் அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும். இந்த அமைப்புகளிலோ 200 பார் வரையிலும் அதற்கு மேலும் ஓடுகிறது. அட்டைத் துண்டு ஒன்றைக் குழாயோரம் நகர்த்தினால், அதில் விழும் ஈரமே ஓட்டையைக் காட்டிவிடும். எண்ணெய் தோலுக்குள் ஏறிவிட்டால் முதலில் சிறு புள்ளி மட்டுமே தெரியும், வலியும் பெரிதாக இராது. சில மணி நேரத்தில் உள்ளே திசு அழுகத் தொடங்கும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. உடனே அங்கே சென்று, ‘உயர் அழுத்த எண்ணெய் உள்ளே ஏறியிருக்கிறது’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சாதாரணக் காயம் என்று கட்டுப்போட்டு அனுப்பிவிட இடம் கொடுக்கக் கூடாது.

எண்ணெய், வடிகட்டி, மூச்சுமூடி

தேடலை எண்ணெய்த் தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும். பூம் மடங்கிய நிலையில்தான் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். சிலிண்டர்கள் நீண்டிருக்கும்போது பார்த்தால் குறைவாகத் தெரியும், அதை நம்பி ஊற்றினால் மடக்கும்போது வழியும். பால்போல் வெளுத்த எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்த எண்ணெயில் காற்று கலந்திருக்கிறது. கருகிய வாடை அடித்தால் எண்ணெய் நீண்ட நாள் அதிகச் சூட்டில் ஓடியிருக்கிறது.

பம்ப் கூழாங்கல்லை அரைப்பதுபோல் சத்தமிட்டால், பம்ப் தேய்ந்துவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். உறிஞ்சு குழாயின் சல்லடை அடைத்திருந்தாலும், உறிஞ்சு ஹோஸ் உள்ளுக்குள் உரிந்து ஒட்டிக்கொண்டாலும் அதே சத்தம் வரும். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. கிரானைட் குவாரிகளுக்கும் கல் அறுக்கும் பட்டறைகளுக்கும் அருகே ஓடிய இயந்திரங்களில், தொட்டியின் மூச்சுமூடி மாவுபோன்ற கல்தூசியால் அடைத்துப்போய்விடும். தொட்டிக்குள் காற்று நுழைய வழியில்லாததால் பம்ப் வெற்றிடத்தை இழுத்துத் திணறும். மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் சத்தம் அடங்கினால் காரணம் அதுவே.

எந்த எண்ணெயை ஊற்றுவது என்பதற்கு இயந்திரத்தின் தகட்டிலும் கையேட்டிலும் உள்ள அளவே முடிவானது. தகடு அழிந்துபோன இயந்திரங்களுக்கு நம் பக்கத்து வெயிலில் ஐஎஸ்ஓ விஜி 46 (எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் தரம்) பொதுவாகப் பொருந்துகிறது. ஓசூரின் குளிர்ந்த காலைகளிலும் அது அதிகம் கெட்டிப்படுவதில்லை. பீப்பாயில் வரும் புது எண்ணெய் சுத்தமானது என்று எண்ணிவிடக் கூடாது. வால்வுக்குள் இருக்கும் இடைவெளிகள் சில மைக்ரான்களே. எனவே 10 மைக்ரான் வடிகட்டி வழியாக ஊற்றுவது நல்லது. வேஸ்ட் துணியால் தொட்டியின் உட்புறத்தைத் துடைக்கவே கூடாது. அதன் நூலிழைகள் பிறகு வால்வுகளில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

மின்சாரம்

ஒரு திசையில் மட்டும் வேலை செய்யாத பூமுக்கு ஹைட்ராலிக் பழுதைவிட மின்பழுதே அதிகம் காரணமாகிறது. உதவியாள் சுவிட்சை அழுத்தும்போது, வால்வை நகர்த்தும் மின்காந்தமான சொலினாய்டு காயிலின் நுனியருகே ஸ்க்ரூடிரைவர் முனையைப் பிடித்தால், மின்சாரம் வருகிறதா என்பதைக் காந்த இழுப்பே சொல்லிவிடும். இழுப்பு இல்லாவிட்டால் வயர், சாக்கெட், கூடையின் கால்மிதி சுவிட்ச், சாய்வு உணரி என்று தேட வேண்டும். இழுப்பு இருந்தும் பூம் அசையாவிட்டால், வால்வின் நுனியில் உள்ள கைப்பின்னை அழுத்திப் பார்க்க வேண்டும். பூம் செல்லும் பாதையில் ஆள் இருக்கக் கூடாது. சாய்வு உணரியையும் எடை உணரியையும் நேரடி வயர் போட்டு ஏமாற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது.

அழுத்தம்

எல்லா அசைவுகளும் ஒருசேர மந்தமாக இருந்தால், 0 முதல் 400 பார் வரை காட்டும் கேஜ் ஒன்றைச் சோதனை முனையில் மாட்டி, ஒரு சிலிண்டரை அதன் ஓட்டத்தின் முடிவுவரை கொண்டுசென்று சில நொடிகள் மட்டும் பிடித்து அளவைப் பார்க்க வேண்டும். கையேடு சொல்லும் அளவைவிடக் குறைவாக இருந்தால், மிகை அழுத்தத்தை வடித்துவிடும் ரிலீஃப் வால்வைக் கழற்றிக் கழுவி, அதன் இருக்கையில் துகள் சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே திருகைக் கால் சுற்று கால் சுற்றாக முறுக்கலாம். முறுக்கியும் அழுத்தம் ஏறாவிட்டாலோ, எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது சரியாகவும் சூடேறியபின் மந்தமாகவும் ஓடினாலோ பம்பின் உள்தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் திருகை முறுக்கி வேகத்தைக் கூட்டவே முடியாது. வேகம் பம்ப் தள்ளும் எண்ணெயின் அளவைப் பொறுத்தது; அழுத்தம் பாரத்தைப் பொறுத்தது.

தானாக இறங்கும் பூம்

உயிர்ச்சேதத்துக்கு மிக அருகில் இருக்கும் பழுது இது. பூமை ஏற்றி, இன்ஜினை நிறுத்தி, சிலிண்டரிலிருந்து நீண்டு மடங்கும் தண்டான ராடில் குறியிட்டுக் காத்திருந்து பார்ப்பதே சோதனை. அப்போது கூடையிலும் பூமின் அடியிலும் ஒருவரும் இருக்கக் கூடாது. நாள் முழுவதும் வெயிலில் ஓடிய இயந்திரத்தை மாலையில் நிறுத்திவிட்டுக் காலையில் வந்து, ‘இறங்கியிருக்கிறது’ என்று சொல்வதில் ஒரு பிழை உண்டு. எண்ணெய் ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் அதன் கன அளவு ஏறத்தாழ 0.07 விழுக்காடு சுருங்கும். 30 டிகிரி குளிர்ந்தால், ஒரு மீட்டர் நீண்டிருந்த சிலிண்டர் எந்தப் பழுதும் இல்லாமலே இரண்டு சென்டிமீட்டர் இறங்கிவிடும். எனவே சோதனைக்கு முன் எண்ணெயின் சூடு சமநிலைக்கு வந்திருக்க வேண்டும்.

உண்மையாகவே இறங்குகிறது என்றால், குற்றவாளி பிஸ்டன் சீலா, ஹோல்டிங் வால்வா என்று பிரித்தறிய வேண்டும். இருபுறமும் எண்ணெய் முழுவதுமாக அடைபட்ட சிலிண்டரில் பிஸ்டன் சீல் கிழிந்தாலும் ராடு எளிதில் இறங்காது. ராடு உள்ளே வரும்போது அது பிடிக்கும் இடத்தின் அளவுக்கு எண்ணெய் வெளியேற வழி வேண்டும், அது இல்லை. ராடு பக்கத்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும்படி வால்வு அமைந்த இயந்திரங்களில்தான் பிஸ்டன் சீல் மட்டுமே இறக்கத்துக்குக் காரணமாக முடியும்.

சோதனை எளிது. பூமைத் தாங்கியில் முழுவதும் உட்காரவைத்து, ஏற்றும் பக்கத்து ஹோஸை ஹோல்டிங் வால்வின் வெளிமுனையில் மெதுவாகத் தளர்த்தி, மீதி அழுத்தம் வடிந்ததும் கழற்றி, ஹோஸின் வாயை மூடிவிட வேண்டும். பிறகு இறக்கும் லீவரை இயக்கினால், அந்த அழுத்தமே ஹோல்டிங் வால்வைத் திறக்கும். முதலில் சிறிது எண்ணெய் வரும். அதன்பின்னும் கழற்றிய முனையிலிருந்து எண்ணெய் தொடர்ந்து ஒழுகினால் பிஸ்டன் சீல் போயிருக்கிறது. சில சொட்டுகளோடு நின்றுவிட்டால் சிலிண்டர் நலமாக இருக்கிறது. ஹோல்டிங் வால்வையே பார்க்க வேண்டும்.

ஹோல்டிங் வால்வின் கார்ட்ரிட்ஜை, அதாவது உள்ளே திருகிப் பொருத்திய வால்வுத் துண்டை, கழற்றினால், பெரும்பாலும் ஓ-ரிங் நைந்திருப்பதோ இருக்கையில் துகள் ஒட்டியிருப்பதோ தெரியும். கழுவி, புது ஓ-ரிங்கும் அதன் முட்டு வளையமும் போட்டுப் பார்க்கலாம். அப்போதும் நிற்காவிட்டால் அதே எண்ணுள்ள புது கார்ட்ரிட்ஜ் ஒன்றே தீர்வு. அதன் திருகைத் தொட்டு இறக்கத்தை நிறுத்த முயல்வது மிக ஆபத்தானது. சில தயாரிப்புகளில் திருகை உள்ளே முறுக்கினால் வால்வு திறக்கும் அழுத்த அளவு கூடுவதற்குப் பதிலாகக் குறையும். ரிலீஃப் வால்வின் பழக்கத்தில் முறுக்குபவரின் தலைமேல் பூம் இறங்கிவிடும்.

சிலிண்டரைத் திறக்கும்போது

இத்தனைக்கும் பிறகு சிலிண்டரைத்தான் திறக்க வேண்டும் என்று உறுதியானால், முதலில் ராடைக் கவனிக்க வேண்டும். கல்தூசி ஒட்டிய ராடு உள்ளே போகும்போது, தூசியைத் துடைக்கும் வைப்பர் சீலைத் தின்று, பிறகு ராடு சீலையும் கெடுத்து, குரோம் பூச்சில் நீளக் கீறல் போடும். நகத்தால் தடவும்போது தட்டுப்படும் கீறல் இருக்கும் ராடில் புது சீல் நீண்ட நாள் நிலைக்காது; ஹார்ட் குரோம் பூசி அரைத்துத் திருத்த வேண்டும் அல்லது புது ராடு போட வேண்டும். குழாயின் உட்புறத்தில் லேசான தடம் மட்டும் இருந்தால் ஹோனிங் (உட்சுவரை மெல்லத் தேய்த்துச் சீராக்குதல்) போதும். வெடித்த சிலிண்டர் குழாயை வெல்டிங் வைத்து ஒட்டுவதற்கு எந்த லேத் பட்டறை சம்மதித்தாலும் நாம் சம்மதிக்கக் கூடாது.

பழைய இயந்திரங்களுக்குச் சீல் கிட் கிடைக்காதபோது, கழற்றிய சீலை அளந்து கடைக்கு எடுத்துச் செல்வது வழக்கம். அது தவறான அளவைத் தரும். எண்ணெயில் ஊறியும் நசுங்கியும் சீலின் உருவம் மாறியிருக்கும். சீல் உட்காரும் பள்ளத்தின் அகலம், ஆழம், ராடின் விட்டம், குழாயின் உள்விட்டம் ஆகியவற்றை வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அமெரிக்க இயந்திரங்களில் இவை அங்குல அளவில் இருக்கும். ‘கிட்டத்தட்ட பொருந்தும்’ மில்லிமீட்டர் சீல் பொருந்தாது. ஓசூரில் இல்லாதவற்றுக்குப் பெங்களூரு எஸ்.ஜே.பி. சாலைக் கடைகளிலும் கோயம்புத்தூரிலும் தேடலாம்.

சீலின் உதடு அழுத்தம் வரும் பக்கத்தை நோக்கியிருக்க வேண்டும். கெட்டியான சீல்களை வெந்நீரிலோ சூடான எண்ணெயிலோ சற்று நேரம் வைத்தால் இளகும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் தள்ளினால் உதட்டில் கண்ணுக்குத் தெரியாத வெட்டு விழும். ராடு நுழையும் வழியில் உள்ள மரையின்மேல் மெல்லிய நெகிழித்தாள் சுற்றிவிட்டால் புது சீல் கிழியாமல் தாண்டும். பிஸ்டன் நட்டை டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்கு முறுக்கி, பூட்டும் பசையோ பூட்டுத் திருகோ முன்பு இருந்தபடியே வைக்க வேண்டும். அந்த நட்டு கழன்றால் சீல் எத்தனை புதிதாக இருந்தாலும் பயன் இல்லை.

ஹோஸும் இணைப்புகளும்

ஹோஸைக் கிரிம்பிங் செய்யும் கடைகள் நம் ஊர்களிலேயே இருப்பதால் இது எளிய வேலையாகத் தோன்றும். பழைய ஹோஸின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவுக்குக் குறைவானதை வாங்கக் கூடாது என்பதோடு, முனைகளின் கோணத்தையும் கவனிக்க வேண்டும். 37 டிகிரிக் கூம்பு முனையும் 45 டிகிரிக் கூம்பு முனையும் சில அளவுகளில் ஒரே மரை கொண்டவை. மாறிப்போனாலும் முறுக்கு ஏறும், பிறகு கசியும். கூம்பு முனைகளுக்கு டெஃப்லான் டேப் தேவையில்லை. அதன் துணுக்குகள் வால்வை அடைக்கும். பூமின் கீழ்முனையிலிருந்து எண்ணெய் சொட்டினால், உள்ளே நீளும் ஹோஸ் சங்கிலியில் உரசித் தேய்ந்த ஹோஸைத் தேட வேண்டும். சேசிஸின் நடுவில் சொட்டினால், சுழலும் மேல்பகுதிக்கு எண்ணெயைக் கடத்தும் சுழல் இணைப்பின் சீல்களைத் தேட வேண்டும்.

கூடையின் மட்டம்

பல பழைய பூம் லிஃப்டுகளில் கூடையை மட்டமாக வைத்திருப்பது இரண்டு சிலிண்டர்களின் கூட்டு வேலை: பூமின் அடியில் ஒன்று எண்ணெயைத் தள்ள, கூடையின் அருகே மற்றொன்று அதே அளவு நகரும். இந்தச் சுற்றில் காற்று புகுந்தால் கூடை குலுங்கிக் குலுங்கி மட்டம் மாறும். எங்கேனும் கசிந்தால் பூம் ஏற ஏற ஒரு பக்கம் சாயும். பழுது நீக்கியபின், கூடை மட்ட லீவரால் இரண்டு திசைகளிலும் கடைசிவரை மெதுவாகப் பலமுறை ஓட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

திரும்ப ஓட்டுவது

எல்லாச் சிலிண்டர்களையும் பாரமின்றி, குறைந்த வேகத்தில், தரையில் உள்ள கட்டுப்பாட்டிலிருந்து முழு ஓட்டத்துக்கும் ஓட்டிவிட்டு, தொட்டி மட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். பிறகு கூடையில் ஆளுக்குப் பதில் மணல் மூட்டைகளைத் தகட்டில் குறித்த எடை அளவுக்கு வைத்து ஏற்றி, இறக்கச் சோதனையை மீண்டும் நடத்த வேண்டும். அவசர இறக்க வால்வையும் துணைப் பம்பையும் அப்போதே இயக்கிப் பார்த்துவிட வேண்டும்; இல்லையேல் தேவைப்படும் நாளில்தான் அவை துருவேறி இறுகியிருப்பது தெரியவரும். ஓசூரின் தொழிற்சாலைகள் வாயிலிலேயே தகுதி பெற்ற ஆய்வாளரின் சான்றைக் கேட்பது வழக்கம் என்பதால், மாற்றிய பாகங்களின் எண்கள், கேஜ் காட்டிய அழுத்தம், இறக்கச் சோதனையின் அளவு ஆகியவற்றை இயந்திரத்தின் பதிவேட்டில் தேதியோடு எழுதி வைத்தால் அவருடைய வேலையும் விரைவாக முடியும். முதல் சில நாள்கள் ஓடியபின் திரும்பு வடிகட்டியை ஒருமுறை மாற்ற வேண்டும். பழுதுபார்ப்பின்போது உள்ளே போன அழுக்கு அதில்தான் வந்து சேர்ந்திருக்கும்.