காஸ்மாஸ் ஹப்பில் ஓட்டுப் போடுவது எப்படி? (நான் மாட்டிக்கொண்ட இடத்தோடு)

காஸ்மாஸ் ஹப் பிளாக்செயினின் நாணயத்துக்குப் பெயர் ஆட்டம் (ATOM). தமிழில் எழுதினால் ஏதோ விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அங்கே பணவீக்க விகிதம் முதல் மென்பொருள் மாற்றம் வரை முடிவு செய்வது ஆட்டத்தை ஸ்டேக் செய்தவர்களின், அதாவது பூட்டி வைத்தவர்களின், ஓட்டுதான். வாலட் திறப்பது, நாணயம் வாங்குவதெல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஸ்டேக் செய்யுங்கள்

வாலட்டில் சும்மா கிடக்கும் ஆட்டத்துக்கு ஓட்டு கிடையாது. பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் வேலிடேட்டர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் ஸ்டேக் செய்ய வேண்டும். நான் இதற்கு கெப்ளர் வாலட்தான் வைத்திருக்கிறேன். வேறு எதுவும் எனக்குக் கை வரவில்லை.

தயவுசெய்து முழுவதையும் ஸ்டேக் செய்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் கடைசிச் சொட்டு வரை வழித்துப் போட்டேன். ஓட்டுப் போடப் போனால், கட்டணத்துக்கு இருப்பு இல்லை என்றது. சரி, சேர்ந்திருக்கும் ரிவார்டை எடுக்கலாம் என்றால், அதை எடுக்கவும் கட்டணம்! ஸ்டேக்கை விலக்கினாலும் காசு கைக்கு வர 21 நாள். வாக்கெடுப்போ 14 நாளில் முடிந்துவிடும். கடைசியில் நண்பர் ஒருவர் அரை ஆட்டம் அனுப்பித்தான் தப்பித்தேன்.

படி 2: முன்மொழிவைப் படியுங்கள்

ஓட்டுக்கு வந்திருக்கும் முன்மொழிவை மின்ட்ஸ்கேன் இணையதளத்தில் படிப்பது வசதி. முன்மொழிவுக்குள் 'இலவச நாணயம் பெற' என்று லிங்க் இருந்தால் தொடவே தொடாதீர்கள், வாலட்டைக் காலி செய்யும் மோசடி அது.

படி 3: ஓட்டு

யெஸ், நோ, நோ வித் வீட்டோ, அப்ஸ்டெயின் (எந்தப் பக்கமும் இல்லை) என்று நான்கு பொத்தான்கள். வீட்டோ என்பது கோபமாகச் சொல்லும் 'நோ' அல்ல. பதிவான ஓட்டில் 33.4 சதவீதத்துக்கு மேல் அது விழுந்தால், யெஸ் எவ்வளவு இருந்தாலும் முன்மொழிவு செத்துவிடும். 2022 நவம்பரில் 82ஆம் முன்மொழிவு அப்படித்தான் போனது.

நீங்கள் போடாமல் விட்டால், உங்கள் வேலிடேட்டர் போட்டதே உங்கள் பங்குக்கும் கணக்காகும். நான் கட்டணத்துக்கு அலைந்த நேரத்தில் என் வேலிடேட்டர் யெஸ் போட்டுவிட்டார், எனக்கோ நோ. பதற வேண்டாம், அவருக்குப் பிறகு போட்டாலும் உங்கள் பங்குக்கு உங்கள் ஓட்டுதான் செல்லும். கெடு முடிவதற்குள் மனம் மாறினால் திரும்பவும் போடலாம், கடைசியாகப் போட்டதே நிற்கும்.

பின்சேர்க்கை: 2023 நவம்பரில் அதிகபட்சப் பணவீக்கத்தை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்த 848ஆம் முன்மொழிவு சுமார் 41 சதவீத யெஸ்ஸோடு எப்படி ஜெயித்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்ஸ்டெயின் 40 சதவீதக் குறைந்தபட்ச வாக்குப்பதிவுக்கு மட்டுமே உதவும். வெற்றி தோல்வியில் அதைக் கழித்துவிடுவார்கள். அந்த வாக்கெடுப்பில் அப்ஸ்டெயினாக விழுந்த சுமார் 20 சதவீத ஓட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் யெஸ் பாதியைத் தாண்டுகிறது.

இன்னொருவருக்கு ஓட்டுப் பொத்தானே தெரியவில்லையாம். அவருடைய ஆட்டம் முழுக்க எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது. முதலில் அதைச் சொந்த வாலட்டுக்குக் கொண்டுவந்து, படி 1-லிருந்து தொடங்குங்கள்.