துருவைத் தேய்ப்பதற்கு முன்னால்

அமெரிக்காவில் அயோவா, இல்லினாய் பக்கம் பழைய பண்ணைகள் கைமாறும்போது அடிக்கடி நடப்பது இது. தாத்தா போய்ச் சேர்ந்திருப்பார். நிலத்தைப் பங்கு பிரிக்கிற நேரத்தில் கொட்டகை மூலையில், வைக்கோல் தூசிக்கு அடியிலிருந்து ஒரு டிராக்டர் வெளியே வரும். ஐம்பது அறுபது வருடமாக யாரும் தொடாத வண்டி. விற்பதற்கு முன் பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே என்று பேரப்பிள்ளைகள் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். வயர் பிரஷ் போட்டுத் துருவைத் தேய்ப்பார்கள். கடையில் கிடைத்த பச்சையையோ சிவப்பையோ வாங்கி ஒரு கோட்டிங் அடித்துவிடுவார்கள். அப்புறம் பார்க்க வருகிற, பழைய டிராக்டர் சேகரிப்பாளரின் முகம் சுருங்கும். அந்தச் சனி ஞாயிறில் எவ்வளவு பணம் கழுவி ஊற்றப்பட்டது என்று அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சொன்னால் அந்த வீட்டில் சண்டை வரும்.

பளபளவென்று இருந்தால் நல்ல விலை என்பது கார், பைக் விற்றுப் பழகிய கணக்கு. அரிதான பழைய டிராக்டரில் அது செல்லாது. புதுப் பெயிண்டை எந்த வருடமும் அடித்துக்கொள்ளலாம். தொழிற்சாலையில் அடித்த பெயிண்டையும், ஊர் டீலர் தன் பெயரோடு ஒட்டிய சின்னத் தாளையும், ஒருவர் நாற்பது வருடம் மிதித்து மிதித்துத் தேய்ந்த கிளட்ச் பெடலையும் திரும்பக் கொண்டுவர வழியில்லை. வாங்குகிறவர் காசு கொடுப்பது அதற்குத்தான். இன்னொரு காரணமும் உண்டு. கை படாத வண்டி தன் குறைகளை வெளியே காட்டிக்கொண்டு நிற்கும். புதுப் பெயிண்டுக்கு அடியில் பட்டி எவ்வளவு, வெல்டிங் எவ்வளவு என்பது அடித்தவருக்கு மட்டுமே தெரியும்.

இதைக் கேட்டதும் சிலர் நேர் எதிர்த் தவறைச் செய்கிறார்கள். துருப்பிடித்த எதைப் பார்த்தாலும் புதையல் கிடைத்ததாக நினைத்துவிடுகிறார்கள்.

வயது வேறு, அருமை வேறு

ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் எஃப் 1917இல் வந்தது. நூறு வயதைத் தாண்டிய வண்டி. ஆனால் 1928 வரை அமெரிக்காவில் மட்டும் ஏழு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். 1922இல் விலையை 395 டாலருக்கு இறக்கி, போட்டிக் கம்பெனிகளைத் திணறடித்தார் ஃபோர்டு. அப்படி ஊரெல்லாம் இறைந்து கிடந்த வண்டிக்கு நூறு வயதானாலும் பெரிய விலை வராது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1939இல் தொடங்கிய ஃபார்மால் எச் ரகமும் அப்படியே. ஏறக்குறைய 3,90,000 வண்டிகள் வந்தன, இன்றும் பல பண்ணைகளில் புல் வெட்டிக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட வண்டிக்கு எஞ்சின் வேலை, நான்கு டயர், பெயிண்ட் என்று செலவழித்தால் விற்கிற விலையைவிடச் செலவு கூடிவிடும். ஆசைக்குச் செய்யலாம், தப்பில்லை. லாபத்துக்கு என்று செய்யாதீர்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. ஹாரி ஃபெர்குசன் என்றால் பெரும்பாலோருக்குச் சாம்பல் நிறக் குட்டி டிராக்டரான டி.இ.20 நினைவுக்கு வரும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்துக்கு ஓட்டிப்போனதும் இந்த ரகத்தைத்தான். அதே ஃபெர்குசன் அதற்குப் பத்து வருடம் முன்பு, டேவிட் பிரவுனோடு சேர்ந்து 1936இல் ஒரு டிராக்டர் கொண்டுவந்தார். மூன்று புள்ளியில் கருவியை மாட்டி, எண்ணெய் அழுத்தத்தில் தூக்கி இறக்கும் அவருடைய ஏற்பாட்டோடு விற்பனைக்கு வந்த முதல் வண்டி அது. மொத்தம் சுமார் 1,350. விஷயம் தெரியாதவர் கண்ணுக்கு இரண்டும் ‘பழைய ஃபெர்குசன்’தான். விலையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. (நம் ஊர் வயலில் ஓடும் மாசே ஃபெர்குசனில் பின்பாதிப் பெயர் இவருடையது. 1953இல் இவருடைய நிறுவனம் மாசே ஹாரிஸோடு சேர்ந்தது. 1960களில் சென்னையில் டாஃபே செய்யத் தொடங்கியது அந்த வழி வந்த வண்டிகளைத்தான்.)

அன்று விற்காமல் போன வண்டிக்குத்தான் இன்று பெரும்பாலும் கிராக்கி. மினியாபொலிஸ்-மோலின் கம்பெனி 1938இல் யு.டி.எல்.எக்ஸ் என்று ஒன்று விட்டது. மூடிய கேபின், ஹீட்டர், ரேடியோ, மணிக்கு 40 மைல் வேகம். பகலில் உழுதுவிட்டு, சாயங்காலம் அதையே ஓட்டிக்கொண்டு ஊருக்குள் போய்வரலாம் என்பது கம்பெனியின் கனவு. பொருளாதாரச் சரிவில் அடிபட்டு அப்போதுதான் எழுந்துகொண்டிருந்த விவசாயி, இரண்டாயிரம் டாலரையொட்டிய விலையைக் கேட்டு ஒதுங்கிவிட்டார். சுமார் 150 வண்டிகளோடு கதை முடிந்தது. அந்தத் தோல்விதான் இன்றைக்கு அதன் மதிப்பு.

பிரமாண்டமான பழைய வண்டிகள் அரிதானதற்குக் காரணம் வேறு. 1910களில் புல்வெளி நிலங்களை முதன்முதலாக உடைத்து உழ வந்த இரும்பு மலைகள் அவை. வேலை முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். உலகப் போர்க் காலத்தில் பழைய இரும்பு சேகரித்தபோது, டன் கணக்கில் இரும்பு தரக்கூடியது எதுவோ அதுதான் முதலில் போயிற்று. கேஸ் கம்பெனியின் 30-60 ரகத்தில் ஏறக்குறைய ஐந்நூறு செய்தார்கள். இன்று மிஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். (இழுவைக்கு 30 குதிரைத்திறன், பெல்ட் போட்டு மற்ற இயந்திரங்களை ஓட்ட 60 என்று அந்தப் பெயருக்கு அர்த்தம்.) 2022இல் இல்லினாயில் நடந்த ஏலத்தில் அதில் ஒன்று 14 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது.

பெயிண்ட் சொல்லும் சாட்சி

எனக்கு மிகவும் பிடித்த தவறு (அடுத்தவர் செய்யும்போது) நிறத்தில் வருவது. ஃபார்மால் என்றால் சிவப்பு, இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஃபார்மால் சிவப்பானது 1936 கடைசியில்தான். அதற்கு முன் வந்தவை சாம்பல் நிறம். 1934ஆம் வருட எஃப்-20 ஒன்றை மங்கிய சாம்பலில் பார்த்த ஒருவர், வெயிலில் வெளுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, பாசத்தோடு பளிச்சென்று சிவப்படித்தால் என்ன ஆகும்? பிறந்ததிலிருந்து போட்டிருந்த சட்டையைக் கழற்றிவிட்டு அடுத்தவர் சட்டையை மாட்டிவிட்டதுபோல ஆகும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்து விவசாயியே பின்னாளில் சிவப்படித்திருக்கலாம். அதனால் பழைய பெயிண்ட் எல்லாம் முதல் பெயிண்ட் ஆகிவிடாது. பெட்ரோல் டேங்குக்கு அடியில், தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று படியும் இடத்தில், சீட்டின் அடிப்பக்கம் பார்க்கவேண்டும். வெயிலும் கையும் படாத அந்த இடங்களில்தான் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கும்.

இங்கிலாந்துக்குப் போன ஃபோர்ட்சன் என் ரகத்தில் நிறமே ஒரு காலண்டர். 1933இல் டாகன்ஹாம் ஆலையில் தயாரிப்பு தொடங்கியபோது நீலம். 1937இல் ஆரஞ்சு. போர் வந்ததும் பச்சை. வயலில் நிற்கும் பளிச்சென்ற ஆரஞ்சு எதிரி விமானி கண்ணில் படக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இப்படிப்பட்ட வண்டியில் மேல் பூச்சைச் சுரண்டி எடுப்பது பிறப்புச் சான்றிதழைக் கிழிப்பதற்குச் சமம்.

இன்னொரு வழக்கம், காய்ந்துபோன பெயிண்ட் பளிச்சென்று தெரிய ஆளி விதை எண்ணெயைத் தடவுவது. போட்டோவில் அழகாகத்தான் இருக்கும். நாளாக நாளாக அது கெட்டிப்பட்டு, தூசியைப் பிடித்துக்கொண்டு, பழைய பெயிண்டோடு ஒன்றாகிவிடும். பிரித்தெடுக்கப் போனால் இரண்டும் சேர்ந்து வரும். சரி, கழுவவே கூடாதா? மென்மையான சோப்புத் தண்ணீர், துணி, பொறுமை போதும். அழுத்தம் கொடுத்துப் பீய்ச்சும் இயந்திரத்தைக் கொட்டகைக்கு வெளியே வையுங்கள்.

எண்ணும் சக்கரமும்

ஒரே மாடலுக்குள் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். ஜான் டியர் டி ரகம் 1923 முதல் 1953 வரை வந்தது, ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதில் முதல் ஐம்பது வண்டிகளுக்கு முன் அச்சு வார்ப்பு அல்ல; இரும்பை வெட்டி ஒட்டிச் செய்தது. ரேடியேட்டரின் பக்கவாட்டில் ஏணிப்படி போல ஓட்டைகள். தொடக்க வருடங்களில் கையால் சுழற்றிக் கிளப்பும் ஃப்ளைவீல் ஆரக்கால் வைத்தது. பிறகு ஆரக்கால் இல்லாமல் அடைத்த வட்டாகிவிட்டது. சேகரிப்பாளர் வண்டியைச் சுற்றிவந்து முதலில் பார்ப்பது இதைத்தான். விற்பவரோ எஞ்சின் சத்தத்தைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருப்பார்.

அதனால் சீரியல் எண் தகட்டைத் தொடாதீர்கள். கழற்றிப் பாலிஷ் போடுவது, பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்குள் எடுத்துப்போவது இரண்டும் கெடுதல்தான். பழையதுபோலவே புதுத் தகடு அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ரிவெட் புதிதாக இருந்தாலே வாங்குகிறவருக்குச் சந்தேகம் வந்துவிடும். தகடு போய்விட்டால் வார்ப்புகளில் இருக்கும் எண்களும் தேதிக் குறிகளும்தான் அடுத்த சாட்சி. மணலைப் பீய்ச்சித் துருவெடுத்தால், கிரைண்டர் போட்டால், மெல்லிய முத்திரைகளும் மழுங்கிப்போகும். எஞ்சின் எண்ணையும் வண்டி எண்ணையும் தனித்தனியாக ஒப்பிடவும் வேண்டும். உதாரணத்துக்கு, தொடக்க கால டி.இ.20 வண்டிகளில் இருந்தது அமெரிக்காவின் கான்டினென்டல் எஞ்சின், பின்னால் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனி எஞ்சினுக்கு மாறினார்கள். 1947 வண்டியில் 1952 எஞ்சின் உட்கார்ந்திருந்தால் அது ஓட நல்லதாகவே இருக்கலாம், விலைக்கு அல்ல.

சக்கரத்தில் வருவது வேறு வகைத் துக்கம். 1932இல் அல்லிஸ்-சாமர்ஸ் கம்பெனி காற்றடைத்த ரப்பர் டயரோடு டிராக்டர் விற்க ஆரம்பித்ததும், இரும்புச் சக்கரத்தில் எலும்பு குலுங்க ஓட்டிக்கொண்டிருந்த விவசாயிகள் எல்லோருக்கும் ஆசை வந்தது. உள்ளூர்ப் பட்டறையில் ஆரக்கால்களைப் பாதியில் வெட்டி, ரப்பர் டயருக்கான வளையத்தை வெல்டு வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் வெட்டுப்படாத இரும்புச் சக்கரம் இன்று தனியாகவே நல்ல விலைக்குப் போகிறது. கொட்டகை ஓரத்தில் செடி முளைத்துக் கிடக்கும் ஜோடிச் சக்கரத்தைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் அது எந்த வண்டியுடையது என்று கேளுங்கள். 1942, 43 வண்டியில் இரும்புச் சக்கரம் இருந்தால் யாரோ மாற்றியது என்று முடிவுகட்டவும் வேண்டாம். போரில் ரப்பர் தட்டுப்பாடு வந்து, தொழிற்சாலையிலிருந்தே இரும்பில் வந்த காலம் அது.

ஓடாத எஞ்சின்

எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது என்றால் பலர் கையை உதறிவிடுகிறார்கள். உண்மையில் அரிதான வண்டிக்கு ஜாம் அவ்வளவு பெரிய குறை இல்லை. பிஸ்டன் துருவில் பிடித்திருந்தால் எண்ணெய் ஊற்றி வாரக்கணக்கில் ஊறவிட்டு மெல்ல விடுவிக்கலாம். பயப்படவேண்டியது எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கில் விரிசல். குளிர்நாட்டில் யாரோ ஒரு வருடம் தண்ணீரை வடிக்க மறந்திருப்பார். அது உறைந்து விரிந்து வார்ப்பிரும்பைப் பிளந்திருக்கும். டார்ச் எடுத்துக்கொண்டு பிளாக்கின் பக்கவாட்டைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

ஜாம் ஆன வண்டியை இன்னொரு டிராக்டரில் கட்டி, கியர் போட்டு இழுத்துப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. கனெக்டிங் ராடு வளையும், பிஸ்டன் உடையும். ஐந்து நிமிட ஆர்வத்தில் ஊறவைத்துச் சரிசெய்திருக்கக்கூடிய எஞ்சின் போய்விடும்.

உதிரி பாகம் காணாமல் போயிருப்பதையும் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொதுவான ரகத்துக்கு மேக்னெட்டோ (தீப்பொறிக்கான மின்சாரம் தருவது), கார்புரேட்டர் எங்கும் கிடைக்கும். நூற்றுக்கணக்கில் மட்டும் செய்த வண்டிக்கு அந்த ஒரு கார்புரேட்டரைத் தேடியே வருடங்கள் போகும், கிடைத்தால் விற்பவர் சொன்னதுதான் விலை. முழுதாக, ஓடாமல் இருப்பது பாதி இல்லாமல் ஓடுவதைவிட மேல்.

விலை விசாரிக்கும்போது, விளம்பரத்தில் கேட்கிற தொகையைப் பார்த்துக் கனவு காணவேண்டாம். விற்ற தொகையைப் பாருங்கள். அதிலும் ஒரே ஏலத்தை நம்பாதீர்கள், இரண்டு பேர் வீம்புக்கு ஏறினால் எந்த விலையும் வரும். தன் அப்பா ஓட்டிய வண்டியைத்தான் பலர் தேடி வாங்குகிறார்கள். அந்தத் தலைமுறை குறையக் குறைய 1940களின் சாதாரண வண்டிகளுக்கு ஆள் குறைகிறார்கள், 1960களின் பெரிய வண்டிகள் பக்கம் கூட்டம் போகிறது.

அப்புறம், டூல் பாக்ஸ். பெரும்பாலும் அதைத் திறந்து குப்பையில் கொட்டிவிட்டுத்தான் வண்டியையே பார்க்க ஆரம்பிக்கிறார்கள். கம்பெனிப் பெயர் பொறித்த ஸ்பேனர், எலி கடித்த கையேடு, எண்ணெய்க் கறை படிந்த டீலர் ரசீது எல்லாம் அங்கேதான் கிடக்கும். ரசீதில் ஒரு தேதியும் ஊர்ப் பெயரும் இருந்தால், கம்பெனியின் பழைய பதிவேடுகளோடு ஒத்துப்பார்க்கலாம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் ஆவணங்கள், எடுத்துக்காட்டாக, விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. கொட்டுவதற்கு முன் ஒரு பழைய வேட்டியையோ போர்வையையோ தரையில் விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள்.